மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஒன்பது மாதம்

தமிழ்வழிப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான பீட்டர் கில்லிவர், ஒரே ஒரு சொல்லின் பதிவைத் திருத்தி எழுத ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டார். அவர் வேலையை முடித்தபோது, வினையாக வரும் இடங்களை மட்டும் கணக்கிட்டாலே, அந்தச் சொல்லுக்கு 645 பொருள்கள் தேறின. 2011-இல் இது பத்திரிகைகளில் செய்தியானது. அந்தச் சொல் 'ரன்'. நம் பிள்ளைகள் ஆரம்ப வகுப்பில், ஓடும் பையன் படத்துக்குப் பக்கத்தில் பார்த்து, "ரன் என்றால் ஓடு" என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிற அதே சொல்.

அப்படிக் கடந்துபோவதைப் பற்றித்தான் இந்த மடல். பாடத்தின் முடிவில் அருஞ்சொற்பொருள் என்று ஒரு பட்டியல் அச்சிடுகிறோம். நீளமான சொற்கள், உச்சரிக்கக் கடினமான சொற்கள் எல்லாம் அதில் இடம் பிடிக்கும். 'ரன்', 'செட்', 'டேக்', 'புட்', 'கெட்' ஆகியவை ஒருநாளும் அதில் வருவதில்லை. அவை தெரிந்த சொற்கள் என்று வைத்துக்கொள்கிறோம். உண்மையில் பிள்ளைகளைக் காலை வாரிவிடுகிறவை அவைதான். 'ஃபோட்டோசிந்தசிஸ்' என்ற சொல்லுக்குப் பொருள் ஒன்றே. ஒளிச்சேர்க்கை என்று ஒருமுறை புரிந்துகொண்ட மாணவி ஆயுளுக்கும் அதில் தடுமாற மாட்டாள். அவளே "வீ ரேன் அவுட் ஆஃப் ரைஸ்" என்ற வாக்கியத்தின் முன் நின்றால், ஓடினோம், வெளியே, அரிசி என்று மூன்று துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பாள். வீட்டில் அரிசி தீர்ந்துபோவது என்றால் என்னவென்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அந்த அனுபவத்துக்கும் அந்த வாக்கியத்துக்கும் நடுவே யாரும் பாதை போட்டுக் கொடுக்கவில்லை.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்கிற இடர் என்று எண்ண வேண்டாம். 1755-இல் தம் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையில் இந்த வகை வினைச்சொற்களைப் பற்றி வெளிப்படையாகவே அலுத்துக்கொண்டார். அவற்றின் பொருள் எல்லைக்குள் நிற்காமல் வழிகிறது என்பது அவர் குறை. 'கெட்', 'கிவ்', 'புட்', 'செட்', 'கோ', 'ரன்', 'மேக்', 'டேக்', 'டர்ன்' என்று பெயர் சொல்லியே பட்டியல் போட்டார். அவர் அகராதியில் மிக நீண்ட பதிவு 'டேக்'. அதற்கு 134 பொருள் கொடுத்தார். 1928-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் முதல் பதிப்பு நிறைவுற்றபோது அந்த இடத்தை 'செட்' பிடித்தது. 154 பெரும்பிரிவுகள், பதினெட்டுப் பக்கங்களுக்கும் மேல். கடைசிப் பிரிவான 'செட் அப்' என்பதற்கு உட்பிரிவு போடப்போய் ஆங்கில எழுத்துகள் இருபத்தாறும் தீர்ந்துவிட்டன. மறுபடியும் முதலிலிருந்து இரட்டை எழுத்தாகப் போட்டுக்கொண்டு போனார்கள். மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீளம் அந்த ஒரு பதிவு. இந்த நூற்றாண்டில் நடந்துவரும் திருத்தப் பணியில் முதலில் 'மேக்', பிறகு 'புட்', அதன்பின் 'ரன்' என்று முதலிடம் கைமாறியது.

ஏன் 'ரன்'? அதன் வேர் பழைய ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் இருக்கிறது. அங்கேயே அது காலால் ஓடுவதை மட்டும் சொல்லவில்லை, நீர் பாய்வதையும் சொன்னது. பழைய ஆங்கிலத்தில் இதே வேரிலிருந்து வந்த ஒரு சொல், பால் ஓடிச்சேர்ந்து திரிவதைக் குறித்தது. பாலாடைக்கட்டி செய்யப் பாலைத் திரிக்கும் பொருளான 'ரென்னெட்' அந்தச் சுற்றத்தைச் சேர்ந்தது என்று சொல்லாய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆக, நிற்காமல் போய்க்கொண்டிருப்பது என்கிற கருத்து தொடக்கத்திலிருந்தே சொல்லுக்குள் இருக்கிறது. நீராவி இயந்திரம் வந்தது; அது நிற்காமல் இயங்கியது, 'ரன்' ஆயிற்று. ரயில் வந்தது, நாள்தோறும் குறித்த தடத்தில் போயிற்று, அதுவும் 'ரன்'. தறி, அச்சு இயந்திரம், மின்மோட்டார், கடைசியில் கணிப்பொறியின் நிரல். இயந்திர யுகம் தனக்குப் புதிய வினைச்சொல் எதையும் செய்துகொள்ளவில்லை. இருந்த சொல்லின் தலையிலேயே எல்லாப் பாரத்தையும் ஏற்றியது. ஜெர்மானியருக்கும் இயந்திரம் ஓடுகிறது. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது நடக்கிறது.

தமிழில்? நமக்கும் ஓடுகிறது. கடிகாரம் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, மின்விசிறி ஓடுகிறது. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, நரம்பில் ரத்தம் ஓடுகிறது. "என்ன, பொழப்பு எப்படிப் போகுது?" என்று கேட்டால் "ஏதோ வண்டி ஓடுது" என்கிறோம். மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்கிறோம். 1944-இல் வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைத் தாண்டி ஓடியது. லண்டனில் 1952 நவம்பரில் தொடங்கிய அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்ட்ராப்' நாடகம், பெருந்தொற்றுக்காக 2020 மார்ச்சில் நிறுத்தப்படும்வரை இடைவிடாமல் ஓடியது; ஆங்கிலத்திலும் அதற்கு 'ரன்' என்றுதான் பெயர். இரண்டு மொழிகளும் கலந்து பேசி இப்படி முடிவு செய்யவில்லை. நிற்காமல் போவதைப் பார்க்கும் மனிதமனம் இரண்டு இடங்களிலும் ஒரே மாதிரி வேலை செய்திருக்கிறது. உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் 'ஓடு' என்ற சொல்லின் பத்துப் பதினைந்து பொருள்களோடுதான் பள்ளிக்கு வருகிறது. யாரும் பட்டியல் போட்டு அதற்குச் சொல்லித்தரவில்லை. 'ரன்' சொல்லித்தரும்போது அந்தச் செல்வத்தை நாம் தொடுவதே இல்லை என்பதுதான் வருத்தம்.

ஒத்துப்போகும் இடங்களைக் காட்டிவிட்டால், பிரிந்துபோகும் இடங்கள் தாமாகவே துலங்கும். ஆங்கிலத்தில் கடையை ஓட்டுகிறார்கள். நாம் கடையை நடத்துகிறோம். 'நட' என்ற வினையின் பிறவினை அது. பள்ளியையும் நடத்துகிறோம், கூட்டத்தையும் நடத்துகிறோம், கல்யாணம் நடக்கிறது. அவர்கள் ஓடுகிற இடத்தில் நாம் நடக்கிறோம். மூக்கு அவர்களுக்கு ஓடுகிறது, நமக்கு ஒழுகுகிறது. துணியைத் துவைத்தால் அவர்களுக்குச் சாயம் ஓடுகிறது, நமக்குச் சாயம் போகிறது. காய்ச்சல் வந்தால் அவர்கள் காய்ச்சலை ஓட்டுகிறார்கள், நமக்குக் காய்ச்சல் அடிக்கிறது.

இவற்றுள் அழகானது தேர்தல். அமெரிக்காவில் ஒருவர் தேர்தலில் 'ரன்' செய்கிறார். துணை அதிபர் வேட்பாளருக்கு 'ரன்னிங் மேட்' என்றே பெயர். அதே ஆங்கிலம் பேசும் பிரிட்டனில் வேட்பாளர் ஓடுவதில்லை, 'ஸ்டாண்ட்' செய்கிறார். நம் ஊர்த் தெருவிலும் "இந்த வாட்டி அவர் நிக்கிறாரா?" என்றுதான் கேட்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த ஒரு செய்தியைச் சொல்லிப் பாருங்கள். ஒரே மொழி இரண்டு நாடுகளில் இரண்டு விதமாக வேட்பாளரைப் பார்க்கிறது, அதில் ஒன்று நம் பேச்சோடு ஒத்துப்போகிறது என்பது தெரியும்போது, ஆங்கிலம் என்பது மேலிருந்து இறங்கிய சட்டப் புத்தகம் என்ற மிரட்சி அவர்களிடம் கொஞ்சம் குறையும்.

பிள்ளைகளுக்கு மிக நெருக்கமான 'ரன்' விளையாட்டுத் திடலில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். மட்டையாளர் பந்தைத் தட்டிவிட்டு ஓடுகிறார், எதிர்முனையில் நிற்பவரும் ஓடுகிறார், இருவரும் கோட்டைத் தொட்டால் ஒரு ரன். இங்கே காலும் ஓடுகிறது, கணக்கும் ஏறுகிறது. பந்து உருண்டு எல்லைக்கோட்டைத் தொட்டால் நான்கு. தரையில் படாமல் தாண்டினால் ஆறு. இப்போது யாரும் ஓட வேண்டியதில்லை. ஆறு ரன்கள் கணக்கில் ஏறிவிடும். பந்துவீச்சாளர் 'வைடு' போட்டால், மட்டையாளர் அசையாமல் நின்றாலும் ஒரு ரன். விக்கெட் கீப்பருக்குப் பின்னால் தரையில் வைத்திருக்கும் ஹெல்மெட்டின் மேல் பந்து பட்டால் ஐந்து ரன். ஓடியதால் பிறந்த பெயர், ஓட்டத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையோடு தங்கிவிட்டது. ஆட்டத்தின் தொடக்க காலத்தில் அதற்கு 'நாட்ச்' என்று பெயர். கணக்கெழுதுபவர் குச்சியில் வெட்டிய வெட்டு அது. இலங்கைத் தமிழ் ஏடுகள் இதை 'ஓட்டங்கள்' என்று எழுதுகின்றன, தமிழ்நாட்டு நாளேடுகள் பெரும்பாலும் 'ரன்கள்' என்று. தெருவில் மூன்று செங்கல்லை அடுக்கி ஆடும் பையனுக்கு இந்த விவரம் அத்தனையும் அத்துப்படி. ஒரு சொல் எப்படித் தன் பழைய பொருளிலிருந்து கழன்று புதிய பொருளுக்கு நகர்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தை எந்த மொழியியல் நூலும் தர முடியாது.

மேல்வகுப்பில் வணிகவியல் எடுப்பவர்கள் இன்னொரு 'ரன்'னைச் சந்திப்பார்கள். வங்கியின் மேல் நம்பிக்கை போய், பணம் போட்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பக் கேட்பது. பிரிட்டனில் 2007 செப்டம்பரில் 'நார்தர்ன் ராக்' வங்கியின் கிளைகளின் முன் மக்கள் வரிசை கட்டி நின்றார்கள். அமெரிக்காவில் 2023 மார்ச் 9 அன்று 'சிலிக்கான் வேலி' வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முனைந்தார்கள். அங்கே வரிசைகூட இல்லை, கைபேசியிலேயே எல்லாம் நடந்தது. நம் பக்கத்தில் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி 1960-இல் மூடப்பட்டது. அந்த அதிர்ச்சியின் விளைவாகத்தான் 1962 சனவரி முதல் நாள் வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகம் செயல்படத் தொடங்கியது. தொடக்கத்தில் 1,500 ரூபாய்வரை இருந்த அந்தக் காப்பீடு இன்று ஐந்து லட்சம். இந்த விவரங்கள் தெரிந்த மாணவன்கூட, 'எ ரன் ஆன் தி பேங்க்' என்ற தொடரைப் பார்த்து வங்கிக் கட்டடத்தின் மாடியில் யாரோ ஓடுவதாகப் படித்தால், குறை அவன் பொருளியல் அறிவில் இல்லை.

இனி, இதையெல்லாம் வகுப்பில் எப்படிச் சொல்வது என்ற கேள்வி. 645 பொருளையும் கரும்பலகையில் எழுத முடியாது, எழுதவும் கூடாது. இதற்கான வழி நம் பழைய இலக்கணத்திலேயே இருக்கிறது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம், பலபொருள் ஒருசொல்லின் பொருளை எப்படித் தெளிவது என்று பேசுகிறது. அந்தச் சொல்லோடு வரும் வினை, அதற்கு இனமாக வரும் சொல், அது சார்ந்து நிற்கும் இடம் ஆகிய மூன்றையும் பார் என்பது அதன் வழி. உரையாசிரியர்கள் 'மா' என்ற சொல்லை எடுத்துக்காட்டுவார்கள். பூத்தது என்றால் மரம், ஓடிற்று என்றால் விலங்கு. 'ரன்' வினைச்சொல் என்பதால் இதைத் திருப்பிப் போட வேண்டும். அதனோடு வரும் பெயரைப் பார்க்க வேண்டும். மூக்கோடு வந்தால் ஒழுகும், சாயத்தோடு வந்தால் போகும், கடையோடு வந்தால் நடக்கும். 'இன்டு' சேர்ந்தால் வழியில் எதிர்ப்படுவது, 'ஓவர்' சேர்ந்தால் வண்டி ஏற்றிவிடுவது, 'அவுட் ஆஃப்' சேர்ந்தால் தீர்ந்துபோவது. திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடம் செய்த நிகண்டுகளிலும் ஒருசொல் பல்பொருளுக்கு என்றே தனித் தொகுதி உண்டு. ஆனால் நிகண்டு பொருள்களை அடுக்கிக் கொடுக்கும், எந்தத் துணையோடு எந்தப் பொருள் என்று சொல்லாது. நம் வகுப்பறைகள் தொல்காப்பியத்தின் வழியை விட்டுவிட்டு நிகண்டின் வழியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதிலும் நிகண்டாவது பல பொருள் கொடுத்தது. நாம் ஒன்றே ஒன்று கொடுத்து நிறுத்துகிறோம்.

வெளியிலிருந்து வந்தவர்களுள் மைக்கேல் வெஸ்ட் இதை நன்றாக உணர்ந்தவர். ஆங்கிலேயரான அவர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணிபுரிந்தார். வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கும் விதத்தை நேரில் பார்த்து 1926-இல் இருமொழிக் கல்வி பற்றி நூல் எழுதினார். 1953-இல் அவர் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள் இருந்தன. அந்தப் பட்டியலின் அருமை எண்ணிக்கையில் இல்லை. ஒவ்வொரு சொல்லின் ஒவ்வொரு பொருளும் எத்தனை விழுக்காடு வருகிறது என்று அதில் குறித்திருந்தார். எந்தப் பொருளை முதலில் கற்பிப்பது, எதை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைப்பது, எதை விட்டேவிடுவது என்று ஆசிரியர் தீர்மானிக்க அது உதவியது. அந்தப் பட்டியலுக்கு முன்பே, 1930-இல், சி. கே. ஆக்டன் 850 சொற்களில் ஆங்கிலம் முழுவதையும் அடக்கிவிடலாம் என்று 'பேசிக் இங்கிலீஷ்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். அதில் வினைக்கு நின்றவை பதினெட்டே சொற்கள். கேட்க எளிதாக இருந்தது. ஆனால் அந்தப் பதினெட்டில் பல 'கெட்', 'புட்', 'டேக்', 'மேக்' போன்றவை. 'அப்', 'ஆஃப்', 'அவுட்' சேர்ந்து பத்துப் பொருளாகப் பெருகுபவை. 850 சொல் தெரிந்தால் போதும் என்று கற்பவரிடம் சொன்னது, அவர் தலையில் ஏற்றிய உண்மையான சுமையை மறைத்தது. இன்றும் "என் மாணவருக்கு 2,000 சொல் தெரியும்" என்று நாம் சொல்லும்போது அதே பிழையைத்தான் செய்கிறோம்.

ஆசிரியர்களின் நிலைமை தெரியாமல் எழுதுவதாக எண்ண வேண்டாம். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், தேர்ச்சி விழுக்காடு காட்ட வேண்டும், ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகள். ஆனாலும் வாரத்தில் ஒரு பாடவேளையில் பாதியைச் சின்னச் சொல் ஒன்றுக்கு ஒதுக்க முடியும். பிள்ளைகளையே உதாரணம் கொண்டுவரச் சொல்லுங்கள். பேருந்தில் நடத்துநர் "ரன்னிங்ல ஏறாதே" என்று அதட்டுவது அவர்கள் காதில் விழுந்திருக்கும். பழைய வண்டி விற்பவர் "நல்ல ரன்னிங் கண்டிஷன்" என்பது கேட்டிருக்கும். அண்ணன் கல்லூரியில் 'ரன்னிங் நோட்ஸ்' எடுத்திருப்பான். ஜோலார்பேட்டையிலோ ஈரோட்டிலோ அரக்கோணத்திலோ பள்ளி இருந்தால், வகுப்பில் எப்படியும் நாலு பிள்ளைகள் ரயில்வே குடும்பத்தவர்களாக இருப்பார்கள். ரயில் ஓட்டுநர்களும் கார்டுகளும் 'ரன்னிங் ஸ்டாஃப்'. பணி முடிந்து வெளியூரில் அவர்கள் சாப்பிட்டுத் தூங்கும் விடுதி 'ரன்னிங் ரூம்'. அப்பா தூங்குகிற அறைக்கு ஏன் அந்தப் பெயர் என்று அந்தப் பிள்ளையையே எழுந்து விளக்கச் சொல்லுங்கள். ஆங்கிலப் பாடவேளையில் வாயே திறக்காத பிள்ளைக்கு அன்று பேச ஒரு பொருள் கிடைக்கும்.

பிறகு அகராதி. பள்ளி நூலகத்தில் இருக்கும் அகராதியில் 'ரன்' பதிவை எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்து, முதல் பொருளோடு நிற்காமல் கீழே வரைக்கும் விரலை ஓட்டச் சொல்லுங்கள். அகராதியைத் திறந்ததும் முதல் வரியை எழுதிக்கொண்டு மூடிவிடும் பழக்கம் கல்லூரி முடித்தவர்களிடமும் இருக்கிறது. ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, இந்தப் பதிவில் எந்த எண்ணிட்ட பொருள் இதற்குப் பொருந்தும் என்று தேடவிட்டால், அந்தப் பழக்கம் உடையும். தமிழில் இதற்குத் துணைவேண்டினால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இருக்கிறது. 1992-இல் முதல் பதிப்பு கண்ட அது, ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே எண்ணிட்டு, இன்றைய தமிழ் வாக்கியத்தை எடுத்துக்காட்டாகத் தருகிறது. அதில் 'ஓடு', இதில் 'ரன்', இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தால் ஒரு பாடவேளை போதாது.

வினாத்தாள் தயாரிக்கும் குழுக்களில் இருப்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் ஒருபொருட்சொல்லும் எதிர்ச்சொல்லும் கேட்கிறீர்கள். அவற்றுக்குப் பிள்ளைகள் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள்; நாலு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்கிறார்கள்; புரிந்ததா இல்லையா என்பது உங்களுக்குத் தெரிய வழியில்லை. பள்ளி அளவிலான தேர்வுகளிலாவது ஒரு மதிப்பெண் வினாக்கள் இரண்டை மாற்றிப் பாருங்கள். "தி டேப் இஸ் ரன்னிங்", "தி பஸ் இஸ் ரன்னிங் லேட்" என்று இரண்டு வாக்கியங்களைக் கொடுத்து, வீட்டில் சொல்வது போலத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். ஒருவர் "குழாய் ஓடிக்கொண்டிருக்கிறது" என்று எழுதுவார், இன்னொருவர் "குழாய மூடாம விட்டுட்டாங்க" என்று எழுதுவார். பின்னதற்கு முழு மதிப்பெண் போடுங்கள், பேச்சுத் தமிழில் எழுதியிருக்கிறதே என்று அரை மதிப்பெண்கூடக் குறைக்காமல்.